பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானமும் கைதட்டலில் அமுங்கிய பந்திகளும்

வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று உலகெங்கும் வாழும் தமிழர் குறிப்பிடும் அந்தத் தீர்மானம் நிறைவேறிய இடம் வட்டுக்கோட்டைக் கிராமம் அன்று. வட்டுக்கோட்டைத் தேர்தல் தொகுதிக்குள் அடங்கிய பண்ணாகம் என்னும் ஊர் அது. நாள் 1976 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. திருகோணமலையில் தமிழர் கூட்டணி தோன்றி அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள். அதன் பெயரில் ‘விடுதலை’ என்ற சொல் சேர்ந்துகொண்டது அந்த மாநாட்டில்தான்.

பண்ணாகம் அ. அமிர்தலிங்கம் பிறந்த ஊர். 1956 தொடக்கம் 1970 வரை வட்டுக்கோட்டையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1970 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் ஆ. தியாகராசாவிடம் தோற்றார். அதே தேர்தலில் உடுப்பிட்டியில் தமிழ்க் காங்கிரஸின் மு. சிவசிதம்பரம், தமிழரசுக் கட்சியின் க. ஜெயக்கொடியிடம் தோற்றார். ஒரு கட்சியின் தளபதியை மற்றக் கட்சி விழுத்தியது. பதிலுக்கு அதன் தளபதி இதனிடம் விழுந்தார். ஆறு ஆண்டுகளின் பின் அவ்விருவரும் ஒரே அணியின் முன்னணித் தலைவர்களாக நின்றார்கள். இருபது ஆண்டுக் காலம் இவ்விரு கட்சிகளின் மேடைப் பேச்சுக்களைக் கேட்டுக் காது புளித்திருந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு, தீர்மானத்திலும் பெரிய அதிசயம் இந்த ஒற்றுமைதான்.

நான் அங்கு பேராளனாகப் போகவில்லை. பத்திரிகைத் தொழிலுக்கும் அப்போது வந்திருக்கவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்த, இரவுகளில் கோதுமை மாப் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டிய ஆதரவாளன், அவ்வளவே. எங்கள் ஊரிலிருந்து சிலர் சைக்கிளிலும் வயதானவர்கள் தட்டிவானிலும் புறப்பட்டோம். பேராளர்களுக்கு உள்ளே இடமிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கிடுகுப் பந்தலின் ஓரமும் பனை நிழலும் ஒலிபெருக்கியின் தயவும் வாய்த்தன. வைகாசி வெயில் எப்படி இருக்குமென்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

வந்திருந்தவர்களில் மாணவர்களும் வேலையற்ற இளைஞர்களும் நிறைந்திருந்தமை எவரும் எதிர்பார்த்ததே. ஆனால் கமக்காரர்கள் அத்தனை பேர் வந்திருந்தது என் மனதில் நின்றது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்து நிறுத்தியதால் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர் கையில் அதற்கு முன் காணாத பணம் புழங்கிய காலம் அது. கல்வீடு கட்டியவர்களும் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்த அரசாங்கத்தால் நன்மை பெற்ற அவர்களே அதற்கெதிரான மாநாட்டுக்குத் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பொருளாதாரம் மட்டுமே அரசியலைத் தீர்மானிக்கிறது என்று எழுதுவோர் இதனை எப்படி விளக்குவார்களோ அறியேன். தோட்டத்தில் உழைத்த பணத்தில் படித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது என்பதே அந்தத் தகப்பன்மாரின் கணக்கு.

1970 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் தமிழரசுக் கட்சி, நாட்டைப் பிரிப்பது நாட்டுக்கும் நன்றன்று, தமிழருக்கும் நன்றன்று என்றே கூறியிருந்தது. தனியாட்சி பேசிப் பிரிந்துபோன ஊர்காவற்றுறை வ. நவரத்தினம் அத்தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார். அப்படிச் சொன்ன கட்சியை ஆறு ஆண்டுகளில் பண்ணாகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவை எவை என்பது வாசகர்கள் அறிந்ததே. 1971 இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1972 மே 22 இல் தமிழர் தரப்புத் திருத்தங்களை ஏற்காத குடியரசு யாப்பு. 1974 சனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் விழுந்த உயிர்கள். அதே ஆண்டு யூன் 5 இல் சிவகுமாரனின் மரணம். செல்வநாயகம் 1972 இல் தமது ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மோதிப் பார்க்குமாறு அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தடிக்கப்பட்ட அந்தக் காங்கேசன்துறை இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 இல் நடந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,000 இற்கும் மேற்பட்ட வாக்குகளால் அவர் வென்றார். அதே ஆண்டு யூலை 27 இல் யாழ் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பொன்னாலை பண்ணாகத்துக்கு அண்மையில் உள்ள ஊர். மாநாட்டுக்குச் சைக்கிளில் வந்த இளைஞர் பலர் அந்தக் கோயிலைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மாநாட்டுக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், மே 5 இல், தமிழீழ விடுதலைப் புலிகள் என்ற பெயரில் ஓர் இயக்கம் அமைந்திருந்தது. பந்தலோரத்தில் நின்ற எங்களுக்கு அது தெரியாது.

தந்தை செல்வாவுக்கு அப்போது 78 வயது. நடுக்கவாதம் அவருடைய உடலை முறித்திருந்தது. குரல் மெலிந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரும். அருகில் இருப்பவர்களுக்கே முழுவதும் விளங்காது. ஒலிபெருக்கி எத்தனை பெரிதாக இருந்தாலும் அவர் பேசும்போது கூட்டம் மூச்சையடக்கிக் கொண்டுதான் கேட்கவேண்டும். மேடைப் பேச்சில் அனல் கக்கும் தலைவர்களைக் கண்டு பழகிய சமூகம், குரலே இல்லாத ஒருவரின் முன் அப்படி அடங்கி நின்றது. பிரிவினைத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவர் மு. சிவசிதம்பரம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சமஷ்டி, சமஷ்டி என்று பேசி, 1957 இலும் 1965 இலும் இரண்டு பிரதமர்களுடன் ஒப்பந்தம் எழுதி இரண்டையும் இழந்த மனிதரின் கடைசிப் பெரிய தீர்மானம் அது.

சுதந்திர, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சோசலிசத் தமிழீழ அரசு என்ற சொற்கள் வந்த இடத்தில் எழுந்த ஆரவாரம் வெகுநேரம் அடங்கவில்லை. தீர்மானம் அந்த வரியோடு முடியவில்லை. அந்த அரசு எப்படிப்பட்டதாக இருக்கும் என்று வரையறுக்கும் பந்திகள் அதனைத் தொடர்கின்றன. நான் நின்ற பனையடியில் அவை கைதட்டலிலும் கோஷத்திலும் துண்டு துண்டாகவே வந்து சேர்ந்தன. பின்னர் செய்தியாளனாகிப் பல தடவை அந்த வாசகத்தை மேசைமேல் விரித்து வைத்து எழுதவேண்டி வந்தது. இன்றுவரை நாம் அந்த ஆரவாரத்துக்கு முந்திய பகுதியையே வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று அழைத்து வருகிறோம் என்பது என் எண்ணம்.

அந்தப் பந்திகளில் ஒன்று சாதி பற்றியது. தமிழீழத்தில் சாதி ஒழிக்கப்படும். தீண்டாமையும் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட எந்த ஏற்றத்தாழ்வும் முற்றாக நீக்கப்படும். அவற்றை எவ்வடிவில் கைக்கொண்டாலும் சட்டப்படி தண்டனை உண்டு என்பது அதன் சாரம். என் பக்கத்தில் தலையில் துவாய் போட்டபடி ஒரு முதியவர் நின்றார். கைகளிலும் நெஞ்சிலும் பனையேறிய தழும்புகள் இருந்தன. ஆரவாரம் சற்றுத் தணிந்ததும் என்னிடம் கேட்டார்.

“தம்பி, இப்ப என்ன வாசிச்சவை? சாதி எண்டு ஒரு சொல்லுக் காதிலை விழுந்தது.”

“தமிழீழத்திலை சாதி இராதாம், அப்பு. தீண்டாமை பாத்தால் சட்டப்படி தண்டனையாம்.”

அவர் சிறிது நேரம் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சட்டம் இப்பவும் இருக்குத்தானே, தம்பி. பொலிசிலை போய்ச் சொல்லுறவன் அடுத்த நாள் ஆற்றை கிணத்திலை தண்ணி அள்ளுறது?”

எந்த ஊர் என்று கேட்டேன். சங்கானைப் பக்கம் என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதால்தான் என்னை அவர் தம்பி என்றும் அவரை நான் அப்பு என்றும் கூப்பிட முடிந்தது. ஊருக்குள் என்றால் ‘நயினார்’ என்று தொடங்கியிருக்கக்கூடும். மாநாட்டுக் கூட்டங்களுக்கு இப்படியொரு நன்மையும் உண்டு.

அவர் சொன்ன சட்டம் 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். அது வந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் தேநீர்க் கடைக்குள் இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் நின்று கும்பிடவும் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்தில் ஊர்வலம், 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம். சங்கானையும் அதை அடுத்த நிச்சாமமும் அந்தப் போராட்டத்தின் கொதிகளங்கள். பண்ணாகத்திலிருந்து சைக்கிளில் எட்டிவிடும் தூரம். மாவிட்டபுரத்தில் கதவை அடைத்து நின்ற தரப்பின் முன்வரிசையில் இருந்தவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று எங்கள் தலைவர்கள் எவருக்கும் முன்பே குரல் கொடுத்தவரும் அவரே. ஒரே மனிதர் தனிநாட்டையும் கேட்டார். கோயில் கதவையும் அடைத்தார். சாதிப் பந்தி தீர்மானத்தில் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அப்பந்தி முழுவதும் வெறும் தாளாகவே போயிற்று என்று எழுதினால் அது நியாயமாகாது. 1970 இல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. சுப்பிரமணியம் நாடாளுமன்றத்துக்குப் போனது அரசாங்கத்தின் நியமன உறுப்பினராக. 1977 இல் கூட்டணி உடுப்பிட்டியில் த. இராசலிங்கத்தை நிறுத்தி வெற்றிபெறச் செய்தது. அந்தச் சமூகத்திலிருந்து மக்கள் வாக்கால் தெரிவான முதல் உறுப்பினர் அவரே. ஆனால் கிணற்றைப் பற்றிய முதியவரின் கேள்விக்குக் கட்சிக் கிளைகள் ஊர்களில் என்ன செய்தன என்று கேட்டால், காட்டுவதற்கு அதிகமில்லை.

என்னை அதைவிட அதிகமாக உறுத்தும் இடம் ஒன்று தீர்மானத்தின் முகப்பிலேயே இருக்கிறது. வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழும் தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கம் என்ற முறையில், தனிநாட்டுக் கோரிக்கையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்குத் தயக்கம் உண்டு என்பதை மாநாடு கவனத்தில் எடுத்துக்கொள்வதாக அங்கே எழுதப்பட்டுள்ளது. கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மற்றிருவர் செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும். மூவரில் ஒருவருடைய மக்கள் இதற்குள் வரமுடியாது என்பதைத் தீர்மானமே ஒப்புக்கொண்டு, பின்னர் மேலே செல்கிறது.

தமிழரசுக் கட்சி எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். 1948 இலும் 1949 இலும் குடியுரிமைச் சட்டங்கள் மலையக மக்களை நாடற்றவராக்கின. தமிழ்க் காங்கிரஸின் தலைவர் பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். அதனை ஏற்காது செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் டாக்டர் இ.மு.வி. நாகநாதனும் பிரிந்து வந்து, 1949 டிசம்பர் 18 இல் கொழும்பு மருதானையில் புதிய கட்சியைத் தொடக்கினார்கள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியின் வாக்குரிமைக்காகப் பிறந்த கட்சி, இருபத்தாறு ஆண்டுகள் நடந்து வந்து சேர்ந்த இடத்தில் அதே தொழிலாளியைப் படலைக்கு வெளியே விட்டு நின்றது. தமிழ் பேசும் மக்கள் இலங்கையின் எப்பகுதியில் வாழ்ந்தாலும் தமிழீழத்தின் முழுக் குடியுரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்மானம் உறுதி கூறியது உண்மை. அட்டனில் கொழுந்து பறிக்கும் பெண் அந்த உரிமையைப் பெறுவதற்கு எங்கே வந்து எந்த நிலத்தில் வாழ்வது என்பதை அது கூறவில்லை.

தொண்டமானின் தயக்கம் கோழைத்தனம் என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் அப்போது பேசினார்கள். 1977 ஓகஸ்டில் இனக்கலவரம் மூண்டபோது சிங்களக் கிராமங்களுக்கு நடுவே இருந்த லயன்கள்தான் எரிந்தன. தீர்மானத்துக்குக் கை உயர்த்தாத மக்கள் அதன் பேரில் அடி வாங்கி, மூட்டை முடிச்சுகளோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தார்கள். தொண்டமான் 1978 இல் ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்ததைத் துரோகம் என்று எழுதிய பேனாக்கள் பல. நாடற்றவர் பிரச்சினையின் பெரும்பகுதி 1980 களில் பேரம் பேசியே தீர்க்கப்பட்டது. எஞ்சியதை 2003 ஆம் ஆண்டின் சட்டம் முடித்து வைத்தது. இவை கொழும்பு நாடாளுமன்றத்தில் நடந்தவை. இதனை எழுதும்போது என் ஊர் நண்பர்கள் சிலருக்கு இப்போதும் கோபம் வரும். வரட்டும்.

மற்றப் பந்திகளையும் சொல்லிவிடுகிறேன். எந்த மதத்தினரும் எந்தப் பிரதேசத்தவரும் வேறொரு பகுதியினரை ஆதிக்கம் செய்யாதவாறு சனநாயக முறையில் அதிகாரம் பரவலாக்கப்படும். கிழக்கு மாகாணத்தவரும் முஸ்லிம்களும் யாழ்ப்பாணத்தைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தலைவர்கள் அறியாமல் இதனை எழுதியிருக்க முடியாது. 1977 இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியினர் கூட்டணியோடு சேர்ந்து நின்றதும் இந்த நம்பிக்கையில்தான். அவர்களில் எவரும் தெரிவாகவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பண்ணாகத்தில் எழுதிய இந்தப் பந்தியை நினைவூட்டியவர்கள் எத்தனை பேர்? அதேபோல, தமிழீழத்துக்குள் வாழும் சிங்களவர் தம் மொழியில் கற்கவும் கருமம் ஆற்றவும் உள்ள உரிமை, சிங்கள அரசில் வாழும் தமிழருக்குக் கிடைக்கும் உரிமைக்கு ஈடாகப் பாதுகாக்கப்படும் என்றும் ஒரு பந்தி உண்டு.

பொருளாதாரப் பந்தியோ இன்று வாசிப்பவரைத் திகைக்க வைக்கும். உற்பத்தியும் விநியோகமும் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும். தனியார் முயற்சிக்குச் சட்டம் வகுத்த எல்லைக்குள் இடமுண்டு. ஒரு தனியாளோ குடும்பமோ சேர்க்கக்கூடிய மொத்தச் செல்வத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்படும். மேடையில் இருந்த சட்டத்தரணிகளையும் கீழே இருந்த காணிக்காரர்களையும் எண்ணிப் பார்க்கையில், இந்த உச்சவரம்புக்கும் சேர்த்துத்தான் அன்று கைதட்டினோம் என்பது சற்றுச் சிரிப்பையும் தருகிறது. அந்தக் காலம் அப்படி. கொழும்பு அரசாங்கமே 1972 இல் காணி உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது. சோசலிசம் என்ற சொல் இல்லாமல் எந்தக் கட்சியும் தீர்மானம் எழுதாத காலம்.

தீர்மானத்தின் இறுதியில் ஒரு கட்டளை இருந்தது. போராட்டத்துக்கான செயற்றிட்டத்தை வகுத்து, காலதாமதமின்றித் தொடங்குமாறு கூட்டணியின் செயற்குழு பணிக்கப்பட்டது. இளைஞர்கள் மனதில் பதிந்தது இது. எட்டாம் நாள், மே 22 குடியரசு தினத்தன்று, துண்டுப்பிரசுரம் விநியோகித்த அமிர்தலிங்கம், சிவசிதம்பரம், க.பொ. இரத்தினம், க. துரைரத்தினம், வி.ந. நவரத்தினம் ஆகியோர் கைதாயினர். சிவசிதம்பரம் தவிர்ந்த நால்வர் மீதும் யூரிகளற்ற ‘ட்ரயல் அற் பார்’ விசாரணை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள் அவர்களுக்காக எழுந்து நின்றார்கள். 1949 இல் பிரிந்த செல்வநாயகமும் பொன்னம்பலமும் அவர்களுள் ஒன்றாக இருந்தனர். மு. திருச்செல்வம் அவ்வாண்டு நவம்பரிலும், பொன்னம்பலம் 1977 பெப்ரவரியிலும், செல்வநாயகம் 1977 ஏப்ரல் 26 இலும் காலமானார்கள். ஆறு மாதத்துக்குள் மூவர். செயற்றிட்டம் என்று ஒன்று வெளிவரவில்லை.

அதற்குப் பதிலாக வந்தது பொதுத்தேர்தல். 1977 யூலை 21 இல் தீர்மானத்தையே ஆணையாகக் கேட்டுக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. வடக்கில் 14, கிழக்கில் 4. அமிர்தலிங்கம், செல்வநாயகத்தின் காங்கேசன்துறையில் நின்று வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். பிரிவினை கேட்ட கட்சி, பிரியப்போகும் நாட்டின் பிரதான எதிர்க்கட்சியாக ஆசனத்தில் அமர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவரின் வாகனத்தையும் பாதுகாப்பையும் பார்த்து இளைஞர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கூட்டணி ஏற்றபோது சிரிப்பும் போயிற்று. அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் நின்ற வட்டுக்கோட்டையின் பழைய உறுப்பினர் தியாகராசா சுட்டுக் கொல்லப்பட்டார். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியத்தைக் கட்டாயமாக்கியது. சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1989 யூலை 13 இரவு, கொழும்பில், பேச வந்த புலிகள் அமிர்தலிங்கத்தையும் வெ. யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். தீர்மானத்தை வழிமொழிந்த சிவசிதம்பரம் அதே அறையில் குண்டுபட்டுப் பிழைத்து, 2002 யூன் 5 வரை வாழ்ந்தார்.

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலிருந்து 2010 வரை நோர்வே, பிரான்ஸ், கனடா, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா முதலிய நாடுகளில் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பேரில் புலம்பெயர்ந்த தமிழர்களிடையே வாக்கெடுப்புகள் நடந்தன. பனிக்காலத்தில் வரிசையில் நின்று வாக்களித்தவர்களில் பலர் 1976 இல் பிறந்திருக்கவும் இல்லை. வாக்குச்சீட்டில் இருந்தது, வடக்கும் கிழக்கும் இணைந்த நிலத்தில் தமிழருக்கு இறைமையுள்ள தனியரசு வேண்டும் என்ற கருத்து மட்டுமே. சாதி பற்றியோ செல்வத்துக்கு உச்சவரம்பு பற்றியோ தொழிலாளர் காங்கிரஸின் தயக்கம் பற்றியோ அதில் எதுவும் இல்லை.